ஸ்பெயின் சாமிக்கு ஒரு திரை

1913 ஜூன் 8, ஞாயிறு

சம்பளம் போட்ட ஞாயிறு. தேயிலைத் தோட்டத்துச் சனம் முழுவதும் பதுளைக் கடைவீதியில்தான். எங்கள் ஜவுளிக்கடையில் கால் வைக்க இடமில்லை. கம்பளி, சீத்தை, சேலை, மறுபடியும் கம்பளி. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற வேலாயி ஒரே சேலையைப் பிரித்துப் பார்ப்பதும் மடிப்பதுமாக அப்பாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் மகள் பாக்கியலெட்சுமி அந்தச் சமயம் பார்த்துப் பின்னாலிருக்கும் சாக்கு அறைக்குள் புகுந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து வந்த மூட்டையில் மையால் எழுதியிருந்ததை விரலால் தடவி, "இது என்ன எழுத்துக்கா?" என்றது. சொன்னேன். "அப்ப இது?" அதையும் சொன்னேன். வேலாயி வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவதற்குள் ஒரு மூட்டையை முழுதாகப் படித்து முடித்துவிட்டோம்.

கடை சாத்தியதும் அப்பாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தச் சாக்கு அறையை எனக்குத் தாருங்கள், தாய்மார் துணி எடுக்கிற நேரத்தில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று. கேட்டது அவ்வளவுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் தமிழும் படித்துவிட்டு வீட்டில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் பைத்தியம் பிடிக்காதா?

அப்பா சொன்னது: "பொம்பளப் புள்ள உக்காந்து பாடம் சொல்லிக் குடுக்கலாம்னு எந்தப் பெரியவரு சொல்லியிருக்காரு? ஒருத்தர் பேரச் சொல்லு, அறையத் தர்றேன்."

அப்பாவுக்குப் பெரியவர்கள் என்றால், அதுவும் தாடி வைத்த பெரியவர்கள் என்றால், அப்படி ஒரு பக்தி. அவருக்கு எழுத்து வராது. கணக்கெல்லாம் மனசுக்குள், கடுதாசியெல்லாம் கணக்கப்பிள்ளை வாயால். அதனால் புத்தகம் எழுதியவன் எவனாக இருந்தாலும் அவருக்குப் பாதிக் கடவுள்.

அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "தோட்டத்துப் புள்ளைங்கள உள்ள கூட்டிவெச்சா உன்னை எவன் வந்து கட்டுவான்?"

ஜூன் 10

பெரியவர் கிடைத்துவிட்டார். தாடியும் இருக்கிறது.

ஜூன் 14, சனி

மிஷன் பள்ளிக்கூடத்து மிஸ்ஸி சீமைக்குப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன புத்தகம் பெட்டியின் அடியில் கிடந்தது. நானூறு வருஷத்துக்கு முந்தின ஒரு ஸ்பெயின் பண்டிதரின் வாழ்க்கையும் எழுத்தும், இங்கிலீஷில். தோன் லொரென்சோ தெ அர்வால் என்று பெயர். இரண்டு வருஷமாக அதன்மேல் என் வளையல் டப்பாவை வைத்திருந்தேன். மன்னிக்கவேண்டும் தாத்தா.

புரட்டினால், பெண்களின் கல்வி பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஒரு பிரபுவின் பெண்களுக்கு இலத்தீன் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 'பெண்ணுக்குக் கல்வியை மறுப்பவன் தன் வீட்டு விளக்கைத் தானே ஊதி அணைக்கிறான்' என்று எழுதியிருக்கிறார். போதாதா?

மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் தமிழில் வாசித்துக் காட்டினேன். அப்பா கல்லாவில். வாசலில் தையல் மிஷினோடு அஸீஸ் நானா. வேலை செய்வதுபோல் மிஷினை மிதித்தார், ஆனால் ஊசியில் நூலே இல்லை.

"அவரு என்ன ஆளுங்க?" - அப்பா.

"யூத சாதியாம். கட்டாயப்படுத்திக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவருடைய அப்பா ஜவுளி வியாபாரி."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜவுளியா? என்ன ஜவுளி?"

"கம்பளித் துணி."

"அப்படிச் சொல்லு."

அதற்குப் பிறகு தோன் லொரென்சோ எங்கள் உறவுக்காரர் ஆகிவிட்டார்.

முதல் அத்தியாயத்தில் ஓர் இடம். அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா. அவர்களுடைய பழைய எழுத்து அந்த ஊரில் தடை. அதனால் ரொட்டிக்கு மாவு பிசைகிற பலகையில் மாவைப் பரப்பி, விரலால் எழுதிக் காட்டுவாளாம். யாராவது கதவைத் தட்டினால் கையால் ஒரு வழி. எழுத்து போய்விடும், ரொட்டி வந்துவிடும்.

அஸீஸ் நானா, "கெட்டிக்காரப் பொம்பள" என்றார். அப்பா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஜூன் 25

அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் அறையைக் கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். "முதல்ல கதைய முடி" என்கிறார். பெரியவர் வேண்டும் என்றார், கொண்டுவந்தேன். இப்போது பெரியவரின் கதை வேண்டுமாம்.

ஜூலை 6, ஞாயிறு

என் அப்பாவை என்ன செய்வது? புத்தகத்தின் முதல் பக்கத்தில் தாத்தாவின் படம் இருந்தது. கறுப்புத் தொப்பி, மார்புவரை தாடி, கையில் இறகுப் பேனா, வயிற்றுவலிக்காரர் முகம். அதை அப்பா கிழித்து எடுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்துவிட்டார். புத்தகத்தைக் கிழித்துவிட்டீர்களே என்று நான் கத்தினால், "சாமி படத்த உள்ள மூடி வெச்சா மூச்சு முட்டாதா?" என்கிறார்.

கல்லாவுக்கு மேலே பிள்ளையார், லட்சுமி, அடுத்து தோன் லொரென்சோ. சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். பொட்டு சரியாக மூக்கின்மேல் விழுந்திருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

"இது யாருங்க புதுசா?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அப்பா ஒரு சளைப்பும் இல்லாமல் சொல்கிறார்: "ஸ்பெயின் தேசத்துச் சாமியாரு. லோரஞ்சாமி. பொம்பளப் புள்ளைங்க படிக்கணும்னு சொன்னவரு. நம்ம ஜவுளி ஆளு."

சாமியார் என்ற சொல் காதில் விழுந்தால் போதாதா? வேலாயி ஒரு சுருட்டைக் கொண்டுவந்து சட்டத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டாள். தாடியும் முறைப்பும் இருக்கவே முனியாண்டி வகை என்று எடுத்துக்கொண்டாள் போலும். சுருட்டு வேண்டாம் என்று நான் சொன்னேன். "அப்ப சாராயங்களா?" என்றாள் கவலையோடு.

அஸீஸ் நானா மிஷின்மேல் கவிழ்ந்து சிரித்தார். ஆனால் வேலாயி போகும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டது இது: "தங்கச்சி, எம்மவளுக்கும் எழுத்து வருங்களா?" வரும் என்று சொல்லிவிட்டேன். அறை இன்னும் என் கையில் இல்லை. வாக்கு மட்டும் கொடுத்தாகிவிட்டது.

ஜூலை 24, வியாழன்

ஆடி மாதக் கச்சான் காற்று கடைக்குள் புழுதியைக் கொட்டுகிறது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது.

இன்று வாசித்த பகுதியை வாசிக்காமலே விட்டிருக்கலாம். லொரென்சோ படிக்கப் பாரிசுக்குப் போன பிறகு, மத விசாரணைக்காரர்கள் அவருடைய அப்பாவைப் பிடித்து உயிரோடு எரித்தார்கள். அம்மா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தாள். விடவில்லை. இரகசியமாய்ப் பழைய வேதத்தைக் காத்தாள் என்று சொல்லிக் குழியைத் தோண்டி எலும்புகளை எடுத்து எரித்தார்கள். அவர் பிறகு ஸ்பெயினில் கால் வைக்கவே இல்லை. பெரிய உத்தியோகம் தருகிறோம், வா என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிளாண்டர்ஸ் என்கிற மழை ஊரிலேயே இருந்துவிட்டார். ராஜாக்களுக்கெல்லாம் சண்டை போடாதீர்கள் என்று கடிதம் எழுதுவார், ஒருவரும் பதில் போடமாட்டார்கள். மூட்டுவலி. அந்த ஊர் பீர் குதிரை மூத்திரம்போல் இருக்கிறது என்று ஒரு பக்கம் முழுக்கப் புலம்பல்.

அந்தப் பீர் கதையில் சிரிப்பார் என்று நினைத்தேன். அப்பா சிரிக்கவில்லை. "செத்தவள எரிச்சானுங்களா?" என்றார். அப்புறம், "மாவுல எழுதுனதுக்கா?" என்றார்.

அப்பாவும் ஊரைவிட்டு வந்தவர்தான். பஞ்சத்தில், ஒரு சாதித் தகராறில் வீடு எரிந்த பிறகு. அதற்குமேல் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இன்று எழுந்து போய்ப் படத்தின் மாலையைச் சரிசெய்துவிட்டு வந்தார். வந்து, "விசயதசமி அன்னிக்கு ஆரம்பிச்சிரு" என்றார்.

அறை கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. எழுதிப் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாவி. தாடிக்காரப் பாவி.

ஐந்தாம் அத்தியாயம். பெண் படிக்கவேண்டும் என்றவர் அடுத்த மூச்சில் எழுதியிருப்பதைப் பார். பெண் படிக்கட்டும், ஆனால் தனக்காக மட்டும். பிறருக்குப் பாடம் சொல்லக் கூடாது. பள்ளி நடத்தக் கூடாது. பெண் பலவீனமான பிராணி, எளிதில் ஏமாறுவாள், தான் ஏமாந்ததைப் பிள்ளைகளுக்கும் ஊட்டிவிடுவாள். படித்த பெண்ணுக்கு அழகு வாய் மூடியிருப்பது. மீதி நேரத்தில் நூல் நூற்கலாமாம்.

ஓய், உமக்கு மாவில் எழுதிக் காட்டியவள் யாரு? ஆடா மாடா? எரிச்சாங்களே, எலும்பத் தோண்டி எரிச்சாங்களே, எதுக்கு எரிச்சாங்க? வாய மூடி நூல் நூத்ததுக்கா? வயித்துவலி வந்து செத்தீரே, நல்லா வேணும் உமக்கு.

- மூட்டுவலி. வயிற்றுவலி இல்லை. கோபத்திலும் பிழையில்லாமல் எழுதவேண்டும்.

இப்போது என்ன செய்வேன்? அப்பா அறையைக் கொடுத்தது இந்த ஆளின் பேச்சை நம்பி. இந்த ஆளின் பேச்சு இதுதான் என்று தெரிந்தால்?

ஆகஸ்ட் 6

ஐந்தாம் அத்தியாயத்தை அப்பாவுக்கு வாசிக்கவில்லை. ஆறாவது பிச்சைக்காரர்களைப் பற்றி. அதற்குத் தாவிவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். தெமோதரைப் பக்கத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர், தங்கராஜா என்று பெயர். கூட அவருடைய அம்மா. அந்த அம்மாளுக்கு என் நிறம் சம்மதம், உயரம் கொஞ்சம் கூடுதலாம். குனிந்து நடக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அம்மா கண்ணாலேயே கிள்ளினாள்.

அவர் வந்ததும் படத்தைத்தான் பார்த்தார். "இவருக்குப் பொட்டு வெச்சது யாரு?" என்று கேட்டுச் சிரித்தார். தோட்டத்துக் கிளாக்கர்மார் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் அதட்டிப் பேசித்தான் கேட்டிருக்கிறேன். இவர் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. எழுதியாகிவிட்டது, இனி அழிக்க முடியாது.

அப்பாவுக்கு ஒரே பெருமை. சாமியின் கதையை ஒன்று விடாமல் சொன்னார். விசயதசமியன்று சாக்கு அறையில் பாடம் ஆரம்பம் என்றும் சொன்னார். அந்த அம்மாள் முகம் சுருங்கியது. "கலியாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் எப்படி?" என்றாள். "பெரியவர் சொன்னதுங்க, நாம யாரு மறுக்க?" என்று அப்பா முடித்துவிட்டார்.

தங்கராஜா புத்தகத்தை வாசிக்கக் கேட்டார். அப்பா தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு மரம்போல் நின்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

புத்தகத்தைத் திருப்பித் தர அவரே வந்தார். அப்பா கம்பளி மூட்டை பிரிக்கிற சத்தத்தில் இருந்தார். அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அஞ்சாம் அத்தியாயம் ஐயாவுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது."

"நீங்க சொல்லலையா?"

"சொன்னா அறை போயிரும்."

சேலை அடுக்கைப் பார்த்தபடியே சொன்னார். "என் வாயால வராது. ஆனா நீங்க சொல்லிருங்க. எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எங்க தொரைக்குத் தெரியும், ஊருல நாலு பேருக்குத் தெரியும். நாளைக்கு ஒருத்தர் வந்து சொன்னா ஐயா முகம் என்னாகும்?"

"உங்களுக்கு நான் பாடம் சொல்லிக் குடுக்கிறது பிடிக்கலையா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேனோ.

"எனக்குப் பொய்தான் பிடிக்கல" என்றார்.

நல்ல பதில்தான். அவர் போனதிலிருந்து அதை நினைத்து நினைத்து எரிச்சல் படுகிறேன். அறை கிடைக்கப்போவது எனக்கு, அதைப் பறிகொடுக்கப்போவதும் நான். நேர்மையாக இருப்பது அவருக்கு எவ்வளவு சுலபம்!

அக்டோபர் 8, புதன்

நாளை சொல்லிவிடுகிறேன். அல்லது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன். அப்பா படத்தைக் கிழித்தார், நான் பக்கத்தைக் கிழிக்கிறேன், வீட்டுப் பழக்கம்தானே.

அக்டோபர் 9, வியாழன். சரஸ்வதி பூசை

காலையில் எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் பாடப் புத்தகங்கள், அஸீஸ் நானாவின் கத்தரிக்கோல், அப்பாவின் முழக்கோல், எல்லாவற்றுக்கும் மேலே தோன் லொரென்சோவின் புத்தகம், சந்தனப் பொட்டோடு, பட்டுத்துணி சுற்றி, சரஸ்வதி படத்துக்கு முன்னால். பூசையில் வைத்த புத்தகத்தை நாளை எடுத்து வாசிக்கும்வரை யாரும் தொடக்கூடாது.

கிழிக்கவும் முடியாது, வாசித்துக் காட்டவும் முடியாது. தாத்தா சுண்டல் வாசனையில் சுகமாய்ப் படுத்திருக்கிறார்.

வாயால் சொல்லலாம் என்று அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் சாக்கு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவரே, துடைப்பத்தை எடுத்து. திரும்பி வந்துவிட்டேன்.

நாளைக்குத் தங்கராஜாவும் அவர் அம்மாவும் வருகிறார்கள். நிச்சயம் பேச நல்ல நாளாம்.

அக்டோபர் 10, வெள்ளி. விசயதசமி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஞாயிறு இல்லையே, வேலை நாளில் தோட்டத்திலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வேலாயி வந்திருந்தாள். இன்னும் இரண்டு தாய்மார் வந்திருந்தார்கள். அன்றைய பேரை விட்டுவிட்டு, அதாவது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இருட்டோடு நடக்கத் தொடங்கி வந்திருக்கிறார்கள். பாக்கியலெட்சுமிக்குப் புதுச் சட்டை, தலையில் எண்ணெய் வழிந்தது. மூன்று பெண்பிள்ளைகளும் படத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றன. இந்தப் பக்கம் நாற்காலியில் தங்கராஜாவின் அம்மா. சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பூசை பிரித்ததும் முதலில் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாசிக்கவேண்டுமே. அப்பா தங்கராஜாவைப் பார்த்து, "நீங்கதான் இங்கிலீஷ் நல்லா வாசிப்பீங்க. சாமி புஸ்தகத்த எடுத்து வாசிங்க மாப்ள" என்றார். மாப்பிள்ளை என்றே சொல்லிவிட்டார்.

அவர் எடுத்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பார்த்துவிட்டு முதல் அத்தியாயத்தைத் திறந்தார். பொய் பிடிக்காத மனிதர் எனக்காக மாவுப் பலகைக் கதையை வாசிக்கப் போகிறார். காப்பாற்றுகிறாராம். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தால் வேலாயியின் பாதம், செம்மண்ணும் அட்டை கடித்த இரத்தமுமாக. அவள் ஒரு நாள் பேரை விட்டு வந்தது என் வாயை நம்பி.

"இப்படிக் குடுங்க" என்று புத்தகத்தை வாங்கினேன். ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்தேன். தமிழில், ஒரு சொல் விடாமல் வாசித்தேன். பெண் பள்ளி நடத்தக் கூடாது. பெண் பலவீனமான பிராணி. பெண் வாய் மூடியிருக்கவேண்டும். எல்லாம்.

"இது எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும்ப்பா. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

தையல் மிஷின்கூட நின்றுவிட்டது. தங்கராஜாவின் அம்மா நிமிர்ந்தாள். "பெரியவரே சொல்லிட்டாருல்ல. அப்புறம் என்ன? புள்ளைங்கள அனுப்பிட்டு ஆக வேண்டியதப் பார்ப்போம்."

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. படத்தைப் பார்த்தார். என்னை அடித்தால்கூடப் பரவாயில்லை, இப்படிச் சும்மா நிற்கிறாரே என்று இருந்தது.

பிறகு கேட்டார். "இந்த ஆளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"அவங்க அம்மா."

"எதுல?"

"மாவுல."

"அப்ப அந்தம்மா என்ன பலவீனமான பிராணியா?"



"பெரிய மனுசன் ஆனதும் மறந்துட்டான்" என்றார் அப்பா. இத்தனை நாளில் முதல் தரமாகச் சாமியை 'அவன்' என்றார். "எரிச்சவங்களுக்குப் பயந்து பயந்து எங்கியோ இருந்து, எரிச்சவங்க சொன்னதையே எழுதிட்டுப் போயிருக்கான். பாவம். அவன் என்ன செய்வான்."

படத்தைக் கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. பொட்டு வைத்துப் பூப் போட்ட படத்தை எப்படிக் கழற்றுவார்? அலமாரியிலிருந்து சிவப்புச் சீத்தைத் துணியில் ஒரு முழம் கிழித்து, சட்டத்தின்மேல் போட்டு மூடினார். கோயிலில் சாமிக்குத் திரை போடுகிற மாதிரி. மூடியபடியே துணிக்கு உள்ளே பார்த்து, "கொஞ்ச நேரம் உள்ள இருங்க. நாங்க ஒரு வேல பார்க்க வேண்டியிருக்கு" என்றார். கோபத்திலும் மரியாதை திரும்பி வந்துவிட்டது.

"கனகு, அரிசியக் கொண்டா."

கூப்பிட்டது என்னைத்தான். அரிசித் தட்டைக் கொண்டுவந்து தரையில் நங்கென்று வைத்தது அம்மா. "வெச்ச நேரம் போகுது, உக்காருடி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபமாக.

பாக்கியலெட்சுமியின் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுதினேன். சுழி பெரிதாகித் தட்டைவிட்டு வெளியே போய்விட்டது.

தங்கராஜாவின் அம்மா காபி குடிக்காமல் எழுந்து போனாள். அவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து அடுத்த பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்திருக்கலாம்.

அக்டோபர் 14

சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை, சாப்பாடு மட்டும் வருகிறது. பரவாயில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். பரவாயில்லாமல் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

பாடம் நடக்கிறது. ஆறு பிள்ளைகள். தாய்மார் மகள் எழுதுவதைப் பார்க்க நிற்கிறார்கள், நின்ற நேரத்தில் துணி எடுக்கிறார்கள். அப்பா இதை முன்பே யோசித்திருந்தேன் என்கிறார். யோசித்திருக்கவில்லை.

அஸீஸ் நானா லோரஞ்சாமிக்கு முறையான திரை தைத்துக் கொடுத்திருக்கிறார். பச்சைப் பட்டு, ஓரத்தில் ஜரிகை, இழுக்கக் கயிறு. "நான் பள்ளிக்குத் தொழப் போற மனுசன். என்கிட்டப் போய் சாமிக்குத் திரை தைக்கச் சொல்றாரே உங்க வாப்பா" என்றபடியே அளவெடுத்தார். மிச்சத் துணிக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டார். பாடம் தொடங்கும்போது திரையை மூடுவது, முடிந்ததும் திறந்து ஊதுபத்தி காட்டுவது, இதுதான் ஏற்பாடு. தாத்தாவுக்கு மனம் நோகக்கூடாதாம்.

நவம்பர் 16, ஞாயிறு

தெமோதரையிலிருந்து வந்த மாட்டுவண்டியில் எனக்கு ஒரு கட்டு. பிரித்தால் கற்பலகைகள், சட்டம் போட்டவை. யார் கொடுத்தது என்று வண்டிக்காரனைக் கேட்டேன். "பெரிய கிளாக்கரய்யா" என்றான். வேறு ஒன்றும் சொல்லியனுப்பவில்லையாம்.

பலகைகளைக் கழுவி வெயிலில் வைத்தேன். இரண்டு தரம் கழுவினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பாக்கியலெட்சுமி இன்று மூட்டை எழுத்தை எழுத்துக் கூட்டி, என் உதவியில்லாமல் வாசித்தது. வேலாயி அந்த மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே வேட்டிதான் இருந்தது.

நடுவில் பார்த்தால் திரை திறந்தே கிடக்கிறது. மூட மறந்துவிட்டேன். தாத்தா முழுப் பாடத்தையும் பார்த்துவிட்டார். வயிற்றுவலி முகம்தான், ஆனால் ஒன்றும் ஆகவில்லை. இனி மூடுவதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

மழை. பிள்ளைகள் குறைவு. சீக்கிரமே போய்விட்டார்கள்.

சில வாரமாகப் பாட நேரத்தில் அப்பா சாக்கு அறையில் வந்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொள்கிறார். எலி வருகிறதாம், பார்க்கவேண்டுமாம். எலியைப் பார்க்கிறவர் கண் ஏன் பலகையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இன்று எல்லோரும் போன பிறகும் எழவில்லை. நான் அரிசித் தட்டை எடுத்து வைக்கப் போனேன்.

"அத வெய்யி" என்றார்.

வைத்தேன். கற்பலகை ஒன்றையும் எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று கையாட்டினார்.

"அம்மாகிட்ட கொஞ்சம் மாவு வாங்கியா. மாவுன்னா யாராச்சும் கடைக்கு வந்தா அழிச்சிறலாம்."

அம்மா ஏன் எதற்கு என்று கேட்காமல் அள்ளிக் கொடுத்தாள். அரிசியைக் கொட்டிவிட்டுத் தட்டில் பரப்பினேன். அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். முழம் போட்டுக் காய்த்துப்போன விரல். நீட்டியவர் சட்டென்று மடக்கிக்கொண்டார்.

"முதல்ல போய் அந்தத் திரையப் போட்டுட்டு வா."

"அதெல்லாம் இப்ப மூடுறதில்லப்பா."

"எனக்காகப் போடு. இலத்தீன் எல்லாம் படிச்ச ஆளு. இந்த வயசுல நான் அ-னா எழுதுறதப் பார்த்தா சிரிக்கும்."

கடைக்குப் போய்க் கயிற்றை இழுத்தேன். திரை பாதி தூரம் வந்ததும் விட்டுவிட்டேன். தாத்தா இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் சாக்கு அறை வாசலும், அப்பாவின் குனிந்த முதுகும், மாவுத் தட்டும் தெரியும்.

"போட்டாச்சா?" என்றார் உள்ளேயிருந்து.

போட்டாச்சுப்பா என்றேன்.